அத்தானுக்கு எத்தனை பிள்ளைகள்

1

அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கனடாவில், ஸ்காபுரோவில் ஆட்டைத் திவசம் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு வேறொரு திவசம் இருக்கிறதென்று சொல்லி ஐயர் பதினொன்றரைக்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தானின் மகன் முகுந்தன் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். ஊரிலிருந்து வெளிவரும் இந்த இதழில் அப்பாவைப் பற்றி நான் எழுதவேண்டும் என்றான்.

"கனக்க வேண்டாம் மாமா. ரெண்டு பக்கம் காணும். வழமையா எழுதிற மாதிரி எழுதுங்கோ."

வழமையாக எழுதுகிற மாதிரி எழுதியதால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன். இரண்டு பக்கம் காணாது.

முதலில் என் தகுதி. யாழ்ப்பாணத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பகுதியில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன். தீவுப் பகுதியில் ஒரு தலைமுறை பிறந்ததற்கும் இன்னொரு தலைமுறை இறந்ததற்கும் என் ஒப்பம்தான் அத்தாட்சி. இங்கே வந்த பிறகும் அந்தத் தொழில் என்னை விடவில்லை. செவ்வாயும் வியாழனும் நூலகத்தில் ஒரு மேசை தருகிறார்கள். எங்கள் வயதுக்காரர் படிவங்களைக் கொண்டுவருவார்கள். நான் நிரப்பிக் கொடுப்பேன்.

போன கிழமை ஒருவர் வந்தார். அவசரம் என்றால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று படிவம் கேட்டது. "பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரன்" என்றார். அவருக்கு இதே நகரத்தில் மூன்று மகன்மார். பஞ்சாபிக்காரரின் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் உறவுமுறை என்ன என்று இருந்தது. நண்பர் என்று போட்டேன்.

"அப்பிடிப் போட்டா வருவானோ?" என்று கேட்டார்.

"போடாட்டிலும் வருவான் ஐயா" என்றேன். 

படிவம் உறவை உண்டாக்குவதில்லை. ஆனால் விட்டுவிட்டால், இருந்த உறவு இல்லாமல் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன்.

2

அத்தான் என் அக்கா பவளத்தைக் கட்டியவர். பெயர் கதிரவேலு இராசநாயகம். புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்து, நீர்ப்பாசனப் பொறியியலாளராக நாடு முழுக்க வேலை செய்தார். வன்னியிலும் அதற்கப்பாலும் அவர் திருத்திய குளங்களில் இன்றைக்கும் ஆட்கள் குளிக்கிறார்கள். அவருடைய சொந்த வீட்டுக் கிணற்றிலோ தண்ணீர் உவர். வாயில் வைக்க முடியாது. இதைச் சொல்லி யாராவது சிரித்தால், "தண்ணி இருக்கிற இடத்திலை ஆரும் என்ஜினியர் ஆகலாம்" என்பார்.

எதையும் இலக்கமிட்டுத்தான் பேசுவார். என் கலியாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொன்னபோது, "மூண்டு விசயம்" என்று தொடங்கினார். மூன்றாவது விசயம் முடிவதற்குள் சோறு ஆறிவிட்டது.

ஓய்வுபெற்றதும் சில வருடம் கொழும்பில் இருந்தார். சண்டை ஓய்ந்த இடைவெளியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு மடத்துவெளிக்குத் திரும்பினார். வீட்டில் கூரை இல்லை, கதவில்லை, நிலையில்லை. சாமியறைக்குள் ஒரு வேம்பு ஆளுயரத்துக்கு நின்றது. பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். "அங்கை எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். எனக்கும் இங்கே வந்தபிறகு அதே கேள்வி வந்தது. நான் நூலகத்துக்குப் போனேன்.

வீட்டைத் திருத்தியதும் அவர் செய்த முதல் வேலை, கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி கட்டியது. சுவரில் சிவப்பு மையால் அளவுக்கோடுகள் கீறி, காலையில் பல் தீட்டியதும் எத்தனை கோடு என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவார். விருந்தினருக்கும் விலக்கில்லை. "உமக்கு இண்டைக்கு ரெண்டு வாளி" என்று எனக்கும் அளந்துதான் தந்தார்.

3

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் முகுந்தன், அடுத்தவள் மாலதி, கடைசி சாந்தினி.

முகுந்தன் கனடாவுக்கும் மாலதி லண்டனுக்கும் வந்தார்கள். சாந்தினி அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் இருந்துகொண்டு, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். எஞ்சின் தெரிந்தவனுக்கு ஊரில் பெரிய மதிப்பு. அப்படி எஞ்சின் தெரிந்தவர்களில் ஒருவர் அல்லைப்பிட்டி மரியதாஸ். தகப்பனும் சகோதரர்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் அவர்களுடைய வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துகிறவர். சாந்தினி அவரை அல்லைப்பிட்டிக் கோயிலில் பாதிரியார் முன்னிலையில் கலியாணம் செய்துகொண்டு, தகப்பனுக்குக் கடிதம் எழுதினாள்.

அத்தான் எழுதிய பதிலைப் பின்னர் அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். மூன்று வரி.

1. உமது கடிதம் கிடைத்தது.
2. முடிவு உம்முடையது, விளைவும் உம்முடையது.
3. இத்துடன் இந்தக் கோவை மூடப்படுகிறது.

காரணம் இரண்டு. ஒன்று சமயம், அதை எல்லோரும் வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்றதை எவரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமலே முழுக்க விளங்கப்படுத்தலாம்.

அத்தான் திரும்பி வந்து மடத்துவெளியில் இருந்தபோது மகளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு பஸ் பயணம்தான் தூரம். யாழ்ப்பாணம் போகிற பஸ் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் பண்ணைப் பாலத்துக்குப் போகும். அந்தச் சந்தி வரும்போது அத்தான் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார் என்று அக்கா சொன்னாள். அல்லைப்பிட்டியில் ஆட்களைச் சுட்டுக் கொன்ற அந்த வருடம், செய்தி கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம். சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, முன் சில்லுக்குக் காற்றுக் காணாது என்றாராம். எங்கே போனீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. அவர்களுடைய குடும்ப வாழ்க்கை நாற்பத்தேழு வருடம் நீடித்ததற்கு இப்படிக் கேட்காமல் விட்டவையும் காரணம்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அக்கா இறந்தாள். சாந்தினியும் மரியதாசும் வந்து படலைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பிரேதம் அவர்களைத் தாண்டிப் போனது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதைக் கல்வெட்டு என்போம். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு பிறந்தது, படித்தது, கட்டியது, பெற்றது. பெரும்பாலானோர் தேவாரத்தைத் தாண்டி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பட்டியலை நேராகத் திறப்பார்கள். தங்கள் பெயர் இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு குடும்பத்தில் யார் யார் உண்டு என்பதற்கு அதுதான் கடைசி அத்தாட்சி. இப்படி நாற்பது கல்வெட்டாவது நான் எழுதியிருப்பேன். அக்காவினதையும் நான்தான் எழுதினேன்.

அத்தான் தொலைபேசியில், "பிள்ளையள் ரெண்டு. அப்பிடிப் போடும்" என்றார்.

போட்டேன். முப்பத்திரண்டு வருடச் சேவையிலும் தெரிந்துகொண்டு ஒரு பொய்ப் பதிவு செய்யாதவன், சொந்த அக்காவின் கல்வெட்டில் செய்தேன்.

4

நான்கு வருடங்களுக்கு முன் ஊருக்குப் போய் அத்தானோடு மூன்று கிழமை இருந்தேன். தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் முகுந்தன், மாலை மாலதி என்று வீடியோவில் வருவார்கள். இருவரும் மருந்து எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள். அத்தான் கமராவைச் சரியாகப் பிடிக்கமாட்டார். பிள்ளைகள் தகப்பனின் நெற்றியோடும் கூரை ஓட்டோடும் கதைத்துவிட்டுப் போவார்கள்.

நான் போன இரண்டாம் நாள் தண்ணீர்ப் பம்பு நின்றுவிட்டது. ஊர்காவற்றுறையில் இருந்த திருத்துநர் அடுத்த கிழமை வருகிறேன் என்றார். வேறு யாரும் இல்லையா என்று முன்வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "இருக்கிறார். அல்லைப்பிட்டி மரியதாஸ்" என்றார்.

அத்தானிடம் சொல்லாமல் நான்தான் கூப்பிட்டேன். அடுத்தநாள் காலை மரியதாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து, படலையடியில் இறங்கி நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அத்தான் கண்ணாடியைப் போட்டு அவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததென்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இருவரும் பம்பைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

"இம்பெல்லர் தேஞ்சு போச்சுது ஐயா. புதுசு போடவேணும்."

"தேய்மானம் இல்லை. எங்கையோ காத்து இழுக்குது. உறிஞ்சிற குழாயை முதல்ல கழட்டிப் பாரும்."

"பாத்தனான் ஐயா."

"பாத்தாக் காணாது. அளந்தனீரோ?"

"கண்ணுக்கே தெரியுது."

"கண் ஒரு கருவியில்லை."

மரியதாஸ் சிரிக்காமல் பம்பைப் பிரித்து, இம்பெல்லரை எடுத்து அத்தானின் கையில் வைத்தார். ஒரு பக்கம் கடதாசிபோலத் தேய்ந்திருந்தது. அத்தான் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"நீர் ஆரிட்டை வேலை பழகினனீர்?"

"கடல்ல ஐயா. நடுக்கடல்ல எஞ்சின் நிண்டா அளந்துகொண்டு இருக்கேலாது. ஆரெண்டாலும் பழகுவினம்."

பம்பு ஓடத் தொடங்கியதும் எழுந்து குசினிக்குள் போனார். அந்த வீட்டில் வெளியாருக்கென்று இரண்டு கிளாஸ் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் தன்னுடைய கோப்பையில் தேநீர் கொண்டுவந்து மரியதாசிடம் நீட்டினார். அன்றைக்கு அவர் தேநீர் குடிக்கவில்லை. அவருக்கு வேறு கோப்பை இல்லை.

மரியதாஸ் மறுகிழமை "சும்மா பாத்திட்டுப் போவமெண்டு" வந்தார். அதற்கடுத்த முறை பின்னால் சாந்தினி இருந்தாள். இறங்கி முற்றத்தில் நின்றாள். அத்தான் தொட்டியின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்துக் கொப்பியை மூடியபின்,

"ஏன் வெய்யிலிலை நிக்கிறீர்? உள்ளை வாரும்" என்றார்.

கால் நூற்றாண்டுக்குப் பின் மகளுக்குச் சொன்ன முதல் வசனம் அதுதான். ஒருவரும் அழவில்லை. சாந்தினி நேரே குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் பார்த்து, "இதிலையோ சமைக்கிறியள்?" என்று கேட்டாள்.

நான் திரும்புவதற்கு முதல்நாள் அத்தானிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"அக்காவின்ரை கல்வெட்டிலை ரெண்டு பிள்ளையள் எண்டு போட்டிட்டம் அத்தான்."

"அச்சடிச்சது அச்சடிச்சதுதான்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அடுத்ததிலை சரியாப் போடும்."

அடுத்தது அவருடையதுதான். அதைச் சொன்னபோது வீட்டில் வேறு எவரும் இருக்கவில்லை. சாட்சி இல்லாமல் வாயால் சொன்ன அறிவுறுத்தலுக்கு என்ன பெறுமதி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் குறைவு.

5

அதற்குப் பிறகு மூன்று வருடம் அத்தானைப் பார்த்தது சாந்தினியின் குடும்பம். அவளுடைய மகன் ஜெறோம் மடத்துவெளியிலேயே தங்கினான். மகள் ஸ்டெலா சனிக்கிழமைகளில் வந்து கொப்பியைப் பார்த்துத் தொட்டிக் கணக்கைக் கூட்டிக் கொடுப்பாள். கனடாவிலும் லண்டனிலும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. "ஆரோ ஆக்கள் உதவிக்கு வாறவை" என்று மாலதி சொல்லிக்கொண்டாள்.

அத்தான் ஒரு காலை பல் தீட்டப் போன இடத்தில் விழுந்து இறந்தார். சாந்தினிதான் பக்கத்தில் இருந்தாள். முகுந்தன் விமானம் ஏறிப் போய்க் கொள்ளி வைத்தான். லீவு பத்து நாள். பத்தாம் நாள் திரும்பிவிட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை இங்கேயும் அங்கேயும் ஒரே நாளில் நடத்துவதென்று ஏற்பாடு.

திரும்பி வந்ததும் இறப்புச் சான்றிதழின் பிரதியோடு என்னிடம் வந்தான். வீட்டில் நடக்கும் மரணத்தைப் பக்கத்தில் இருந்தவர் அறிவிக்கவேண்டும். அறிவித்தவரின் பெயரும், இறந்தவருக்கு அவர் என்ன முறை என்பதும் பதிவில் வரும். 

"மாமா, இதிலை மகள் எண்டு கிடக்குது."

"ஓம்."

"இதை மாத்தேலாதோ?"

"பிழையைத்தான் திருத்தலாம் தம்பி. சரியாயிருக்கிறதைத் திருத்துறதுக்குப் படிவம் இல்லை."

அவன் கெட்டவன் இல்லை. ஒருவரோடும் கோபிக்க விரும்பாதவன். பிரதியை மடித்து வைத்துக்கொண்டு, "கல்வெட்டை நீங்கள்தானே எழுதுவியள்?" என்று கேட்டான்.

"எழுதுவன். மூண்டு பிள்ளையள் எண்டு எழுதுவன். உன்ரை கொப்பான்ரை சொல் அது."

"எப்ப சொன்னவர்?"

சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. மாலதியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

மாலதி அன்றைக்கே தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, என்ரை மகனுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. பொம்பிளை வீட்டார் கல்வெட்டை எடுத்து வரி வரியாப் படிப்பினம்."

"படிக்கட்டும். அதுக்குத்தானே அடிக்கிறம்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி. மரியதாஸ், ஜெறோம், ஸ்டெலா எண்டு வரிசையாக் கிடந்தா அவை என்ன நினைப்பினம்?"

"கொப்பாவுக்கு நாலு பேரப்பிள்ளையள் எண்டு நினைப்பினம்."

"மாமா, அம்மாவின்ரையிலை நீங்கள்தானே ரெண்டு எண்டு போட்டனீங்கள். இப்ப மூண்டு எண்டா சனம் சிரிக்காதோ? முந்தி எங்கை போனவள் எண்டு கேளாதோ?"

இது நல்ல கேள்வி. ஒரு பொய்ப் பதிவு அடுத்த பொய்ப் பதிவுக்கு ஆதாரமாக நிற்பதை நான் பதிவுக் கந்தோரில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இந்த முறை அந்த ஆதாரத்தில் என் ஒப்பம் இருந்தது.

அடுத்தநாள் சாந்தினி எடுத்தாள். நடப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, என்ரை பேர் இல்லாட்டிலும் பரவாயில்லை. பிள்ளையளின்ரை பேர் ரெண்டையும் பேரப்பிள்ளையளுக்கை போட்டுவிடுங்கோ. ஜெறோம் மூண்டு வருசம் அப்பாவோடை கிடந்தவன். புத்தகத்தைத் தடவிப் பாத்திட்டு வைக்கிறதுக்கு அவனுக்கு ஒரு வரி வேணும்."

"தாய் இல்லாமல் பேரப்பிள்ளை எப்பிடி வாறது, பிள்ளை? நடைமுறை இல்லை."

"உங்கடை எழுத்திலை என்னவும் நடக்கும் மாமா. அம்மாவின்ரை கல்வெட்டிலை அம்மா என்னைப் பெறவேயில்லை. அதை எழுதேக்கை நடைமுறை பாத்தனீங்களோ?"

குரலை உயர்த்தாமல் சொன்னாள். தகப்பனின் பழக்கம். நான் தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மூன்று பிள்ளைகள், மூன்று மருமக்கள், நான்கு பேரப்பிள்ளைகள். அன்றைக்கே முகுந்தனுக்கு அனுப்பினேன்.

"சரி மாமா, நீங்கள் எழுதினபடியே போடுவம்" என்றான்.

கந்தோரில் ஒருவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தால் கோவையை இன்னொரு முறை திறந்து பார்க்கவேண்டும். அதை மற்றவர்களுக்குப் பழக்கியவன் நான். நான் திறந்து பார்க்கவில்லை.

6

அந்தியேட்டிச் சாப்பாடு ஒரு மண்டபத்தில். வாசலில் முகுந்தனின் மகள் ஆரணி கல்வெட்டுகளைப் பைகளில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கணினியில் பக்கங்களை அமைத்ததும் அவள்தான். தமிழ் பேசுவாள், வாசிக்க நேரமெடுக்கும்.

நானும் பட்டியலைத்தான் முதலில் திறந்தேன். பிள்ளைகள் இரண்டு. பேரப்பிள்ளைகள் இரண்டு. மற்ற வரிகள் எல்லாம் என்னுடையவை, ஒரு குற்றுக்கூட மாறவில்லை. கடைசிப் பக்கத்தில், எழுதியவர் என்று என் பெயர்.

ஆரணியிடம் போனேன்.

"பிள்ளை, இதிலை சாந்தினி எண்டு ஒரு பேர் இருந்தது. கண்டனீயோ?"

"ஓம் தாத்தா. அது மற்ற ஃபைல்லை இருக்கு. அப்பா ரெண்டு ஃபைல் செய்யச் சொன்னவர். ஒண்டு இங்க, ஒண்டு அங்க." பிறகு கேட்டாள், "சாந்தினி ஆர்?"

"உன்ரை அப்பான்ரை தங்கச்சி."

"அப்பாக்கு லண்டன் மாமி மட்டும்தானே?" என் முகத்தைப் பார்த்தாள். "நான் நினைச்சன், ஊர் ஆக்களுக்கு வேற மாதிரி போடுறது கஸ்டம் எண்டு." வழமை என்பதற்கு அவளுக்கு வந்த ஆங்கிலச் சொல் அது. நான் திருத்தவில்லை.

முகுந்தன் சாம்பார் வாளியோடு நின்றான். வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இது என்ன தம்பி?"

"கோவியாதேங்கோ மாமா. அங்கை வாறதிலை எல்லாரும் இருக்கினம். சாந்தினிக்கும் சந்தோசம். இஞ்சத்தையிலை அக்கா கேட்டபடி. அங்கத்தைப் புத்தகம் இஞ்சை வராது, இஞ்சத்தையது அங்கை போகாது. ஆருக்கு மாமா நட்டம்?"

மாலதி அவனுக்குத் தங்கச்சி. ஆனால் அவள் லண்டனிலிருந்து கதைக்கும்போது அவனுக்குத் தன்னையறியாமல் அக்கா என்றுதான் வரும்.

ஒரே மனிதருக்கு ஒரு நாட்டில் இரண்டு பிள்ளைகளும் இன்னொரு நாட்டில் மூன்று பிள்ளைகளும். இரட்டைப் பதிவைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் மண்டபத்தில் அதைச் சொல்ல முடியாது. சனம் கையில் பைகளோடு காருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்லா எழுதியிருக்கிறியள். ஒண்டும் விடுபடேல்லை" என்றார்.

அன்று மாலை சாந்தினி எடுத்தாள். அங்கே விடிந்திருந்தது.

"மாமா, புத்தகம் வந்தது. பிள்ளையள் மூண்டு பேரும் இருக்கிறம். ஜெறோம் தன்ரை பேரை எத்தினை தரம் வாசிச்சிட்டான் தெரியுமோ? இவரும் பாத்தவர். மருமகன் எண்டு போட்டிருக்குது, ஐயா ஒருநாளும் அப்பிடிக் கூப்பிடேல்லை எண்டு சொல்லிச் சிரிக்கிறார்." கொஞ்சம் பொறுத்து, "அங்கையும் இதுதானே மாமா?" என்று கேட்டாள்.

என் முன்னால் மேசையில் இங்கத்தைய புத்தகம் கிடந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். "இதுதான்."

7

ஒரு வருடம் அப்படியே இருந்தேன். செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்குப் போனேன். மற்றவர்களின் படிவங்களில் ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை. இப்போது முகுந்தன் இந்தக் கட்டுரையைக் கேட்டிருக்கிறான். இந்த இதழ் மடத்துவெளிக்கும் போகும், அல்லைப்பிட்டிக்கும் போகும். இங்கேயும் லண்டனிலும் வாசிக்கிறார்கள். ஒரே பதிப்புத்தான்.

எழுதத் தொடங்குவதற்கு முன் சாந்தினிக்கு எடுத்தேன். அச்சில் பார்த்து அவள் அறியக்கூடாது.

"பிள்ளை, உனக்கு ஒரு பொய் சொன்னனான். இஞ்சத்தைக் கல்வெட்டிலை…"

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ரெண்டு பிள்ளையள் எண்டு. அண்டைக்கு நான் உங்களுக்கு எடுக்க முதலே மாலதி அக்கான்ரை மகன், லண்டனுக்கு வந்த புத்தகத்தைப் படம் எடுத்து ஜெறோமுக்கு அனுப்பினவன். உங்கடை பேர் ஏன் இதிலை இல்லை எண்டு கேட்டவனாம். அவங்கள் ரெண்டு பேரும் எப்பவும் ஃபோனிலை கதைக்கிறவங்கள்."

யாருடைய கலியாணப் பேச்சுக்காகப் பெயரை எடுத்தார்களோ, அந்தப் பையன்தான் அனுப்பியிருக்கிறான்.

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீ?"

"நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு பாப்பமெண்டுதான். ஓம் எண்டியள். வயசுபோன மனிசன், பாவம் எண்டு விட்டிட்டன்."

அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இப்ப எழுதப்போறன் பிள்ளை. எல்லாத்தையும். உன்ரை அம்மாவின்ரையிலை நான் செய்ததையும்."

"முகுந்தண்ணை கோவிப்பார்."

"கோவிக்கட்டும்."

"மாலதி அக்கா உங்களோடை கதையாள்."

"அவளோடை நான் கதைக்கிறன்."

"அப்ப எழுதுங்கோ" என்றாள். வைக்கப்போனவள் திரும்பவும், "மாமா, அண்ணைக்குக் கனடா, அக்காவுக்கு லண்டன் எண்டு பக்கத்திலை அடைப்புக்குள்ளை போடுவியளெல்லோ. என்ரை பேருக்குப் பக்கத்திலை ஒண்டும் போடாதேங்கோ. நான் ஒரு இடமும் போகேல்லை."

பதிவொன்றைத் திருத்தும்போது பழையதை அழிக்கக்கூடாது. சுரண்டக்கூடாது, மேலே கடதாசி ஒட்டக்கூடாது. பிழை அப்படியே எல்லோருக்கும் தெரியும்படி இருக்க, ஓரத்தில் சரியானதை எழுதி, எழுதியவர் ஒப்பம் வைக்கவேண்டும். அந்த முறைப்படி:

மடத்துவெளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் கதிரவேலு இராசநாயகம், காலஞ்சென்ற பவளத்தின் கணவர். முகுந்தன் (கனடா), மாலதி (லண்டன்), சாந்தினி ஆகியோரின் தந்தை. மரியதாஸ் உட்பட இவர்களைக் கட்டிய மூவரின் மாமனார். ஆரணி, ஜெறோம், ஸ்டெலா, மாலதியின் மகன் ஆகிய நால்வரின் பாட்டனார். மாலதியின் மகனுடைய பெயரை, பேச்சுக்கால் நடப்பதால், தாயின் வேண்டுகோளுக்கிணங்க விட்டிருக்கிறேன். அவன் கேட்டால் சேர்ப்பேன்.

இதே திருத்தம் என் அக்காவின் கல்வெட்டுக்கும் பொருந்தும்.